கொஞ்சம் இருங்க

எங்கள் பக்கத்துப் பேச்சை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயம்புத்தூர்க்காரர்கள் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் ஊரோடு ஒத்துச் சிரித்துவைப்பேன். அந்த ‘ங்க’ யாருக்குப் போடப்படுகிறது, யாரிடம் வரும்போது காணாமல் போகிறது என்பதை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். என் அம்மா உடம்பில் தெம்பிருந்த காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் களை எடுத்தவள். அவளை ஒரு தோட்டக்காரர் ‘வாங்க’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வா, போ, அங்கியே இரு. அவளுக்குக் கிடைத்த கொங்குத் தமிழ் அவ்வளவுதான்.

அந்த மாதிரி இடத்தில் அவளுக்கு முதன்முதலாக ‘ங்க’ போட்டது ஒரு டிவி. அதுவும் அவளை ஏமாற்றுவதற்காகப் போட்டது. அந்த வார்த்தையை அதில் அடித்தவள் நான்தான்.

பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முன் கவுன்ட்டருக்கு நான் பொறுப்பு. டோக்கன் கொடுப்பது, கம்ப்யூட்டர், பிரிண்டர், லிஃப்ட் நின்றால் ஆள் கூப்பிடுவது, எல்லாம் என் தலையில். ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் டாக்டர் இல்லை. சாலையோர நிலத்தில் ஒரு பகுதியை மனையாகப் போட்டுவிட்டு மீதியில் ஆஸ்பத்திரி கட்டிய குடும்பத்தின் மூத்தவர். அவரை இங்கே நிர்வாகி என்றே சொல்லிவைக்கிறேன். என்னை ‘அம்மணி’ என்பார். அம்மணி என்பது செல்லமான வார்த்தைதான். ஆனால் அதற்குப் பின்னால் வருகிற வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘உக்காருங்க அம்மணி’ என்றால் ஒன்று, ‘போயி எடுத்துட்டு வா அம்மணி’ என்றால் வேறு. எனக்கு எப்போதும் இரண்டாவதுதான்.

வியாழக்கிழமைதோறும் நகரத்திலிருந்து ஒரு டாக்டர் வருவார். சர்க்கரை நோய்க்காரர்களின் காலைப் பார்ப்பதில் கைதேர்ந்தவர். காலையில் வருவார், ஒரு மணிக்கெல்லாம் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் முறை வராதவர்கள் அடுத்த வியாழக்கிழமைதான் வர வேண்டும். அம்மாவுக்கு இடது காலில் ஆறாத புண். ஒரு விரலை ஏற்கனவே எடுத்தாயிற்று. கட்டுப் போடுவதை நர்ஸ் செய்யலாம், செத்த தசையை வெட்டிச் சுத்தம் செய்வது டாக்டர்தான் செய்ய வேண்டும், ஒரு வாரம் விட்டால்கூடப் புண் மேலே ஏறும், அப்புறம் பாதம் நிற்குமா என்று சொல்ல முடியாது என்று அவர் என் எதிரிலேயே சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு வியாழக்கிழமை என்றால் அம்மாவின் பாதம். ஒரு மணிக்குள் அவள் உள்ளே போய்விட்டாளா இல்லையா என்பது ஒன்றுதான் அன்றைக்கு என் மண்டையில் ஓடும்.

அவள் எத்தனை சீக்கிரம் வந்தாலும் அது நிச்சயமில்லை. ஏனென்றால் அந்தக் கதவு இருந்தது. ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துகிற இடத்திலிருந்து காத்திருக்கிற ஹாலின் ஓரமாக உள்ளே வருகிற பக்கவாட்டுக் கதவு. நர்ஸுகள் அதில் போவார்கள், டீ கொண்டுவருகிறவர் போவார், மருந்துக் கம்பெனிக்காரர்கள் போவார்கள். அந்தக் கும்பலோடு கும்பலாக நிர்வாகியின் ஒறம்பரைகளும் போவார்கள். உறவுக்காரர், விருந்தாளி, வேண்டப்பட்டவர் எல்லாருக்கும் எங்கள் பக்கம் அந்த ஒரே வார்த்தைதான். யார் ஊழியர், யார் ஒறம்பரை என்று ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் எழுந்து நின்று அடுத்த நம்பரைக் கூவும்போது, உள்ளே வேறு யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்ட ஆளைத் திருப்பி உட்காரவைத்து, ‘கொஞ்சம் இருங்க’ என்று சொல்வதும் என் வேலைதான். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்த கதை, வாராவாரம்.

அப்போதுதான் நிர்வாகிக்கு டிவி ஆசை வந்தது. துடியலூரில் ஒரு துணிக்கடை வாசலில் புடவை ஓடுகிற திரையைப் பார்த்துவிட்டு வந்து, நம்ம ஹாலிலும் பெரிய திரை வைக்க வேண்டும், டோக்கன் நம்பர் அதிலேயே வர வேண்டும், நடுநடுவே நம் ஸ்கேன் சென்டர் விளம்பரம் ஓட வேண்டும் என்றார். திரை வாங்குவது சுலபம். அதற்குள் எதை எப்போது காட்டுவது என்று முடிவு செய்கிற மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் பாடு. அதை என்னிடம் தள்ளினார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நம்பரை எல்லாரும் பார்க்கிற மாதிரி சுவரில் மாட்டிவிட்டால் அந்தக் கதவின் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார்கள் என்று இப்போது நினைத்தாலும் கொட்டாவி வருகிறது. எல்லாரும் ஒரே பாட்டு. உலகத்தில் எங்கிருந்தாலும் கைபேசியிலேயே திரையை மாற்றலாம், மழை பெய்தால் மழைப் படம் வரும், மாலையானால் மாலைப் படம் வரும். எனக்கு மழைப் படம் வேண்டாம், வெளியே எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவரிடம் சொன்னேன், அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கென்று ஒரு பரீட்சை வைத்திருந்தேன். ஊர்ப் பெயரை அடித்துக் காட்டச் சொல்வேன். பெரியநாயக்கன்பாளையம் என்று அடித்தால் பாதி மென்பொருள் அங்கேயே விழுந்துவிடும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளிகளெல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் ஏறி உட்காரும். எழுத்துரு மாற்றினால் சரியாகிவிடும் மேடம் என்பார்கள். மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பிழைத்து நின்றவர்களுக்கு அடுத்த பரீட்சை, கரண்ட். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை அணைத்துப் போடுவேன். ஒருவருடைய திரை திரும்ப எழுந்தபோது நம்பருக்குப் பதிலாகச் சமையல் நிகழ்ச்சி வந்தது. இன்னொன்று இணையம் இல்லாவிட்டால் கறுப்பாக நின்றது. ரோட்டில் குழி தோண்டினாலே எங்களுக்கு இணையம் போய்விடும், அது எந்த மூலைக்கு ஆகும்?

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பார்க்க அழகில்லாதது. மேலே பெரிதாக இப்போதைய நம்பர், ஓரத்தில் இதற்கு முன் போனவர்களின் நம்பர்கள். வரிசை மாறி ஒருவரை அனுப்பினால் அதுவும் அந்த ஓரத்தில் நிற்கும், மறைக்க முடியாது. உயிர் போகிற அவசரத்துக்குச் சிவப்பில் தனியாக ஒரு கட்டம் இருந்தது, அதுவும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். எனக்கு வேண்டியது இதுதான். நிர்வாகியிடம் போய், இதையே வாங்கிவிடலாம் என்று காரணங்களோடு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “ஆகட்டும் அம்மணி” என்றார்.

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அந்த வார்த்தையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். எங்கள் பக்கம் ‘ஆகட்டும்’ என்றால் நீ சொன்னது காதில் விழுந்தது, இனி நீ கிளம்பலாம் என்று அர்த்தம். அதில் சரியும் இல்லை, முடியாது என்பதும் இல்லை. சொன்னவர் தன் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் செய்யலாம், கேட்டவர் மனம் நோகாமல் படி இறங்கலாம். எனக்கு அது தெரியாதா? தெரிந்தும், என் ஆசைக்கு அதைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டு இறங்கி வந்தேன்.

இரண்டாவது மென்பொருளைக் கொண்டுவந்தவர் சென்னைக்காரர். நல்ல சட்டை, நல்ல வாசனை. அவர் நேராக மாடிக்கு, நிர்வாகியின் அறைக்கே போனார். என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் உட்காரவைத்தார்கள். விளம்பரம், பாட்டு, படம், அவசரத்துக்கான சிவப்புக் கட்டம் எல்லாம் காட்டி முடித்தபின் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதில் விஐபி என்று ஒரு பொத்தான் இருப்பதாகச் சொன்னார். அதை நிர்வாகி தன் கைபேசியிலிருந்தே அமுக்கலாம். அமுக்கினால் திரையில் நம்பர் அப்படியே நின்றுவிடும். உள்ளே யார் போனார், எத்தனை பேர் போனார் என்று எங்கேயும் காட்டாது. திரும்ப அமுக்கினால் வரிசை விட்ட இடத்திலிருந்து ஓடும். நிர்வாகியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

“எமர்ஜென்சிக்குத்தான் தனியா ஒண்ணு இருக்குதுங்களே,” என்றேன். “இது ஆருக்குங்க?”

நிர்வாகி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “நம்ம ஒறம்பரைங்க வாராங்க, அவங்கள அந்தக் கூட்டத்துல உக்கார வெக்க முடியுமா அம்மணி? பாக்கறவங்க ஒண்ணு பேசுவாங்க, அவங்களுக்குச் சங்கடமா இருக்குமில்ல,” என்றார். சென்னைக்காரர் தலையை ஆட்டினார். அந்தக் கூட்டம் என்றால் யார்? ஒரு விரல் இல்லாத காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, மடியில் பன்ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிற என் அம்மாதான். சங்கடம் யாருக்கு வரக்கூடாது என்பதில் எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

சென்னைக்காரர் கீழே போனபிறகு நிர்வாகி என்னை நிறுத்தினார். என் மூஞ்சி அவருக்குப் புரிந்துவிட்டது போல. உங்கம்மாவையும் வியாழக்கிழமை அந்தக் கதவு வழியாகவே கூட்டிக்கொண்டு வந்துவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். பெரிய மனசு. வேண்டாமுங்க, அம்மா வரிசையிலேயே வருவாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பெருமையாக அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உனக்கு ரோசம். எனக்குப் புண்ணு,” என்றாள். “கேக்காமப் போயி வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்திருக்கற. வலிக்கறது ஆருக்கு?” எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

விஐபி பொத்தான் வைத்த மென்பொருளையே வாங்கினார்கள். திரையை மாட்டி, சென்னைக்காரர் வந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்கிற நாளில் நிர்வாகியும் ஹாலுக்கு இறங்கி வந்தார். பொத்தானைத் தன் கையாலேயே அமுக்கிப் பார்த்தார். நம்பர் அப்படியே நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. சும்மா நின்றால் டிவி கெட்டுவிட்டது என்று சனங்கள் எழுந்து கவுன்ட்டருக்கு வந்துவிடுவார்கள் என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவுமில்லாமல் காக்கவைக்கிறவர்களிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டாமா, நம்ம பக்கத்தில் அப்படிச் சொல்லாமல் விட மாட்டோமே என்றார்.

சென்னைக்காரருக்கு இது புரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் சார் இதன் அழகே என்று இழுத்தார். நிர்வாகி கேட்கவில்லை. அவருடைய பிறவிக் குணம் அது. ஒருவன் வயிற்றில் அடிப்பதானாலும் ‘கோவிச்சுக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு அடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சென்னைக்காரர் வேறு வழியில்லாமல் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று போட்டுக் காட்டினார். நிர்வாகி முகம் சுளித்தார்.

“இது பஸ் ஸ்டாண்டுல அதட்டுறாப்பல இருக்குதுங்க. நம்மாளுக இப்படிப் பேசமாட்டாங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “அம்மணி, ‘கொஞ்சம் இருங்க’ன்னு அடி. கண்ணு தெரியாதவங்களும் இருப்பாங்க, ஒரு மணிச் சத்தமும் வெச்சுப்போடு.”

விசைப்பலகையை எடுத்தேன். ‘கொஞ்சம்’ வரைக்கும் அடித்தேன். கொம்பு ஒழுங்காக விழுந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம்பர் மாறும்போது வருகிற சத்தம் வேறு. இந்த மணி, இந்த வார்த்தை இரண்டும் அந்தப் பொத்தானை அமுக்கும்போது மட்டுமே வரும். வேறு எதற்கும் வராது. அப்படியென்றால் இது என்ன? ஒறம்பரை வருகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தண்டோரா போடுவதற்குச் சமம் இல்லையா? மறைப்பதற்காகவே விலை கொடுத்து வாங்கிய பொத்தானுக்கு இந்த மனிதர் தன் மரியாதையாலேயே மணி கட்டுகிறார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

ஒரு நிமிஷம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வாய் சும்மா இருக்காது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பெயர் வாங்கியவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ‘இருங்க’ என்று அடித்து முடித்து, எழுத்தை இன்னும் பெரிதாக்கட்டுங்களா என்று கேட்டேன். ஆக்கு அம்மணி என்றார். ஹாலின் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு ஆக்கினேன்.

முதல் வியாழக்கிழமை அம்மா வந்து உட்கார்ந்து திரையை அண்ணாந்து பார்த்தாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மணி அடித்து அந்த வார்த்தை வந்தபோது உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். படித்துவிட்டு, கவுன்ட்டரில் இருந்த என்னிடம் வந்து, இந்த இருங்க யாருக்கு என்று கேட்டாள். உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும்தான் என்றேன். எனக்குமா என்றாள். உனக்கும்தான் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “இத்தாம்பெரிய டிவி எதுக்கு புள்ள? அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு போட்டாப் பத்தாதா?” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு நொண்டிக்கொண்டு போனாள். அன்று ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் முறை வந்தது. அதுவரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சனங்களுக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. வாராவாரம் வருகிறவர்கள்தானே, முகத்துக்கு முகம் தெரியும். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் மணி அடித்தால் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. அத்தனை தலையும் பக்கவாட்டுக் கதவுக்குத் திரும்பும். கதவு திறக்கும். வருகிறவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். பேசாத போனில் தலையை ஆட்டிக்கொண்டு போவார். காரமடைப் பக்கத்திலிருந்து வருகிற பெரியவர் ஒருவர், முன் பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடித்ததும் “மணியோசை வந்தாச்சு, ஆனை பின்னால வருது” என்று யாரிடமும் இல்லாமல் சொல்வார். ஹாலில் சிரிப்பு ஓடும். நான் குனிந்துகொள்வேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் இரண்டு வாரம் அப்படி வந்துவிட்டு, மூன்றாவது வாரம் கவுன்ட்டரில் வந்து நின்று, எனக்கும் ஒரு டோக்கன் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும்போல விசிறிக்கொண்டார். சங்கடப்படக் கூடாதவர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று எனக்கு அத்தனை நிம்மதி. மாடியில் இருந்த நிர்வாகிக்கு இதொன்றும் தெரியாது. பொத்தான் வேலை செய்கிறதா அம்மணி என்று கேட்பார். ஜோராக வேலை செய்யுதுங்க என்பேன்.

ஆனால் சிரிப்பு அம்மாவின் காலை ஆற்றாது. சிரித்தாலும் கதவு திறந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வாரம் ஒரு மணி தாண்டிவிட்டது. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மாவோடு சேர்த்து நாலைந்து பேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஸ்கேன் சென்டர் விளம்பரம் ஓடியது. அந்த வாரம் முழுக்க அம்மா வலியில் முனகினாள். புண்ணிலிருந்து லேசாக வாடை வர ஆரம்பித்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமையும் அதே கூட்டம். ஒரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அம்மாவுக்கு முந்தைய நம்பர்க்காரர் வெளியே வந்துவிட்டார். அடுத்தது அம்மா. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். திரையில் அவள் நம்பர் வர வேண்டிய இடத்தில் மணி அடித்தது. கொஞ்சம் இருங்க.

அத்தனை தலையும் திரும்பின. பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் பம்புசெட்டுத் தொழிற்சாலை வைத்திருப்பவர். அவருடைய அப்பாவின் தோட்டத்தில்தான் அம்மா கல்யாணமான நாளிலிருந்து களை எடுத்தாள். பொத்தான் நிர்வாகியின் கைபேசியில் இருக்கிறது, நான் எதை அமுக்கியும் அதை மீற முடியாது. கவுன்ட்டரை விட்டு எழுந்து நின்றேன். நின்று என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். எழுந்தவள் உட்காரவில்லை. காலை இழுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறை வாசலுக்குப் போனாள். அவரும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் வாசலில் எதிரெதிரே நின்றார்கள்.

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். முகம் மலர்ந்து, “நம்ம தோட்டத்துல வேல செஞ்சவதானே நீ? நல்லாருக்கறயா?” என்றார்.

“இருக்கறனுங்க,” என்றாள் அம்மா. பிறகு திரும்பிச் சுவரைக் காட்டினாள். “டிவியில என்னமோ போட்டிருக்குது பாருங்க.”

அவர் பார்த்தார். ஹாலே சேர்ந்து பார்த்தது.

“எல்லாருக்குந்தான் போட்டிருக்குதுங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவருடைய அப்பாவிடம் அவள் அந்தக் காலத்தில் பேசிய அதே குரல். “கொஞ்சம் இருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் நின்றார். கோபப்படுவதற்கு அந்த வார்த்தையில் பிடி எங்கேயும் இல்லை. மரியாதை முழுக்க இருந்தது. முன் பெஞ்சில் இருந்த காரமடைப் பெரியவர் நகர்ந்து இடம் விட்டு, “உக்காருங்க, நிக்காதீங்க” என்றார். இன்னொருவரும் நகர்ந்தார். வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் தலைக்கு நேர் மேலே அந்த வார்த்தை எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே டாக்டர் அவசரப்படாமல் அம்மாவின் காலைப் பார்த்தார். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது ஒரு மணி ஆகிவிட்டிருந்தது. டாக்டரும் பின்னாலேயே பையோடு வந்தார். பம்புசெட்டுக்காரர் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வந்த கதவு வழியாகவே போய்விட்டார்.

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. “என்ன பாக்கற?” என்றாள். “போயி மாத்தர வாங்கிட்டு வா. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கறாரு.”

மறுநாள் நிர்வாகி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். பம்புசெட்டுக்காரர் போன் செய்திருப்பார் என்று தெரியும். அவர் என்ன சொன்னார் என்று நிர்வாகி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேசையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் மழை, வெயில், பஸ் என்று பேசினார். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

“அந்த எழுத்து வேண்டாம் அம்மணி, எடுத்துப்போடு. மணியையும் எடுத்துப்போடு. பட்டன் மட்டும் அப்படியே இருக்கட்டும்.”

பொத்தான்தான் அவர் கையில். எழுத்தை மாற்றுகிற கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. சென்னைக்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது, நிர்வாகி அதை வாங்கிவைத்துக்கொள்ளவில்லை. வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அப்போது தோன்றியிருக்காது.

“ஆகட்டுங்க,” என்றேன்.

அவர் பேனாவை உருட்டுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கீழே இறங்கி வந்து கவுன்ட்டரில் உட்கார்ந்து, அடுத்த வியாழக்கிழமைக்கு அம்மாவுக்கு டோக்கன் போட்டேன்.